மோர்மன் சபையும் திருமண வாக்கெடுப்பும்

சமயத் தாபனமொன்று அரசியற் களத்தில் இறங்குமிடத்து, அதன்மேல் எழும் எதிர்ப்பு அரசியலளவில் நின்றுவிடுவதில்லை. அச்சமயத்தாரின் வழிபாட்டிடத்தையும் வாழ்க்கையையும் தொடுகின்றது. கலிபோர்ணியாவில் 2008ஆம் ஆண்டில் நிகழ்ந்தவை இதற்குத் தக்க சான்றாகும்.

யோசப் சிமித் என்பார் 1830இல் நிறுவிய மோர்மன் சபை, திருமணங் காரணமாக அரசின் கடுமையை முன்னரே அறிந்ததாகும். பலதார மணத்தைக் கைக்கொண்டமையால், 1887ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அதன் சொத்துக்கள் பறிக்கப்பட்டன. 1890இல் சபை அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1896இல் யூற்றா தனி மாநிலமாயிற்று.

2008 மே மாதத்தில் கலிபோர்ணிய மாநில உயர் நீதிமன்றம் ஒருபாலார் திருமணத்துக்கு இடமளித்தது. அதனைத் தடுக்கும் 8ஆம் இலக்க முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தபோது, பொருளாலும் நேரத்தாலும் உதவுமாறு சபைத் தலைமைப்பீடம் விடுத்த கடிதம் அம்மாநிலச் சபைகளில் வாசிக்கப்பட்டது. நவம்பர் 4இல் நூற்றுக்கு 52 வாக்குகளால் முன்மொழிவு வென்றது. இடைப்பட்ட மாதங்களில் ஏறத்தாழ 18,000 இணையர் மணம்புரிந்திருந்தனர். ஏனையோர்க்கு அவ்வுரிமை பெற்ற சில மாதங்களிலேயே இல்லாதொழிந்தது.

அவர்தம் சினம் மோர்மன்களை நோக்கித் திரும்பியது. லொஸ் ஏஞ்சலிசிலும் சோல்ற் லேக் நகரிலும் ஆலயங்களின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். நூறு டொலரும் அதற்கு மேலும் ஈந்தோரின் பெயர்களை வெளியிடல் சட்டமாதலின், கொடையாளரை அறிதல் எளிதாயிற்று. சிலர் பதவி துறக்க நேர்ந்தது. வெண்பொடியடங்கிய உறைகள் இவ்விரு நகர ஆலயங்களுக்கும் வந்தன. பரிசோதனையில் அது தீங்கற்றதெனக் காணப்பட்டது.

கத்தோலிக்கரும் பிற கிறித்தவருட் பலரும் அம்முன்மொழிவையே ஆதரித்தனர். ஆயினும் அம்மாநில மக்களுள் நூற்றுக்கு இருவரளவே ஆகிய மோர்மன்கள், தம் தொகைக்கு மிஞ்சிய நிதியும் தொண்டரும் அளித்தமையால் எளிதில் இலக்காயினர்.

ஈண்டு இருவகை எதிர்ப்பைப் பிரித்தறிதல் வேண்டும். பொதுச்சட்டத்தை மாற்ற முயன்ற சபை, அம்மாற்றத்தால் உரிமையிழந்தோரின் கண்டனத்தைக் கேட்கக் கடமைப்பட்டது; அதனைச் சமயத்துவேடமென ஒதுக்குதல் பொருந்தாது. ஆனால், வழிபடுவோரை அச்சுறுத்துதல் உரிமைப் போராட்டமாகாது. முன்னொருகால் மோர்மன்கள் பட்ட கொடுமையின் மறுபிறப்பே அது.

2013இல் ஒருபாலார் திருமணம் கலிபோர்ணியாவில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 2015இல் ஐக்கிய அமெரிக்கா முழுவதற்கும் உரியதாயிற்று. 2015இல் ஒருபாலாரை வேலையிலும் வீட்டுவசதியிலும் வேறுபடுத்தலைத் தடுக்கும் யூற்றாச் சட்டத்தையும், 2022இல் அவர்தம் திருமணத்தோடு சமய சுதந்திரத்தையும் காக்கும் கூட்டாட்சிச் சட்டத்தையும் மோர்மன் சபை ஆதரித்தது. திருமணம்பற்றிய அதன் கொள்கையோ மாறவில்லை. தன் கொள்கையைத் தன்னளவிற் காத்து, பிறர் உரிமைக்கும் இடமளித்தல் இயலுமென்பதனை அச்சபை அறிந்துகொள்ளப் பல்லாண்டு சென்றது.