காண்போர் வரிசை: பிரித்தானியத் தொலைக்காட்சித் தணிக்கை பற்றிய ஒரு நோக்கு

தணிக்கை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது கத்தரிக்கோலேந்திய ஓர் உத்தியோகத்தனின் உருவமே. திரைப்படத்தைப் பொறுத்தவரை இவ்வுருவகம் பெரிதும் பொருந்தும். சபை, சான்றிதழ், வெட்டப்பட்ட காட்சிகளின் பட்டியல் ஆகிய யாவும் அங்கு ஓரளவு வெளிப்படையாகவே உள. தொலைக்காட்சியின் நிலை வேறானது. ஒரு நிகழ்ச்சி எவ்விடத்தில், எவரால், எக்காரணம் பற்றி நிறுத்தப்பட்டது என்பதைப் பார்வையாளன் பெரும்பாலும் அறிவதில்லை. நிறுத்தப்பட்ட செய்தியையே அவன் அறியாதிருத்தலும் உண்டு. எனவே தொலைக்காட்சித் தணிக்கையை ஆராய முனைவோர், "எது தடுக்கப்பட்டது?" என்ற வினாவுடன் அமையாது, "தீர்மானித்தவர் எவர்? அவருக்கு அவ்வதிகாரம் எங்கிருந்து வந்தது?" என்ற வினாக்களையும் எழுப்புதல் அவசியமாகின்றது.

இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குப் பிரித்தானியாவின் அனுபவம் பொருத்தமான களமாகும். அங்கு ஒளிபரப்பிற்கு முன்னர் நிகழ்ச்சிகளைப் பார்வையிட்டு அனுமதி வழங்கும் அரசாங்கத் தணிக்கைச் சபை இருந்ததில்லை. 1927ஆம் ஆண்டு முதல் அரச பட்டயத்தின்கீழ் இயங்கி வரும் பி.பி.சி., அரசாங்கத்தினின்றும் சுதந்திரமான நிறுவனம் என உலகெங்கும் எடுத்துக்காட்டப்பட்டு வந்துள்ளது. 1967இல் இலங்கை வானொலி ஒரு திணைக்களம் என்ற நிலையிலிருந்து கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்டபோதும் அம்மாதிரியே முன்னுதாரணமாகக் கொள்ளப்பட்டது. தணிக்கையே இல்லை எனப்படும் இடத்தில் தணிக்கை எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை அறிந்துகொண்டால், பிற இடங்களில் அதன் இயல்பை விளங்கிக்கொள்ளுதல் எளிதாகும்.

1

பீற்றர் வட்கின்ஸ் என்ற இளம் நெறியாளர் 1965ஆம் ஆண்டில் பி.பி.சி.க்காக 'த வோர் கேம்' என்ற படத்தைத் தயாரித்தார். இங்கிலாந்தின் கென்ற் பிரதேசம் அணுகுண்டுத் தாக்குதலுக்குள்ளானால் அங்குள்ள சாதாரண மக்களுக்கு என்ன நேரும் என்பதே அதன் பொருள். தொழில்முறை நடிகரைத் தவிர்த்து, அப்பிரதேச மக்களையே நடிக்கச் செய்து, செய்திப்படத்தின் பாணியில் அமைக்கப்பட்ட அப்படம் ஏறத்தாழ 48 நிமிடங்கள் ஓடுவது. ஹம்பேர்க், டிறெஸ்டன், ஹிரோஷிமா, நாகசாகி ஆகிய நகரங்களின் அழிவு பற்றிய தகவல்களை ஆதாரமாகக் கொண்டு, தீப்புயலையும் கதிர்வீச்சு நோயையும் மட்டுமன்றி, உணவுக் கலகத்தையும், மீட்பதற்கு வழியற்ற காயப்பட்டோரைப் பொலிசாரே சுட்டுக் கொல்வதையும் அது காட்டிற்று. அணு ஆயுதத்தால் வரும் பாதுகாப்பைப் பற்றியும் குடிசார் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பற்றியும் அதிகாரபூர்வமாகக் கூறப்பட்டு வந்தவற்றை, அவற்றின் விளைவுகளோடு அருகருகே வைத்துக் காட்டியமையே அப்படத்தின் அரசியலாகும்.

அவ்வேளை பி.பி.சி. ஆளுநர் சபையின் தலைவராயிருந்தவர் நோர்மன்புறூக் பிரபு. 1947 முதல் 1962 வரை பிரித்தானிய அமைச்சரவையின் செயலாளராகப் பதவி வகித்தவர் அவர். 1965 செப்ரெம்பரில் அவர் தமது பழைய பதவியில் அப்போதிருந்த சேர் பேர்க் றென்டுக்கு இப்படம் பற்றி எழுதினார். அணு ஆயுதக் கொள்கை தொடர்பான பொதுமக்களின் மனப்பாங்கை இப்படம் பாதிக்கக்கூடும் என்பதும், அத்தகைய படத்தை ஒளிபரப்பும் பொறுப்பைப் பி.பி.சி. தனித்து ஏற்றல் தகாது என்பதும் அவரது கருத்தாயிருந்தன. அம்மாதம் 24ஆந் திகதி உள்நாட்டு அமைச்சு, பாதுகாப்பு அமைச்சு, தபால் இலாகா, படைத் தலைமை ஆகியவற்றின் பிரதிநிதிகளுக்குப் படம் திரையிட்டுக் காட்டப்பட்டது. நவெம்பர் 26ஆந் திகதி படம் ஒளிபரப்பப்படமாட்டாது என்று பி.பி.சி. அறிவித்தது. ஒலி, ஒளிபரப்புச் சாதனத்துக்கு ஒவ்வாத அளவு அது பயங்கரமானது என்பதே கூறப்பட்ட காரணம். வெளியார் தலையீட்டால் எடுக்கப்பட்ட முடிவன்று என்றும் வற்புறுத்தப்பட்டது.

இங்கு ஒரு நுட்பம் மனங்கொள்ளத்தக்கது. பி.பி.சி.யின் அனுமதிப்பத்திர நிபந்தனைகளின்படி, குறித்த விடயமொன்றை ஒளிபரப்பாதிருக்குமாறு கட்டளையிடும் அதிகாரம் அமைச்சருக்கு இருந்தது. அவ்வதிகாரம் இப்படத்தின்மீது பிரயோகிக்கப்படவில்லை. பிரயோகிக்கவேண்டிய தேவை எழவில்லை என்பதே உண்மை. அமைச்சரவையின் அந்தரங்கங்களை ஒன்றரைத் தசாப்த காலம் காத்தவரை ஆளுநர் சபைத் தலைவராக நியமித்த அரசுக்குத் தணிக்கை அதிகாரி ஒருவர் தேவைப்படவில்லை. 1926ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தின்போதே இம்முறைமை உருப்பெற்றுவிட்டது. தாம் உண்மையில் நடுநிலை வகிக்கமாட்டோம் என்பதை அரசாங்கம் நம்பலாம் என்ற கருத்துப்பட ஜோன் றீத் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பலவந்தத்தினால் ஆளுதலையும் இணக்கத்தினால் ஆளுதலையும் கிராம்சி வேறுபடுத்தி விளக்கினார். இவ்விணக்கம் மக்களிடமிருந்து பெறப்படுவதற்கு முன்னர் நிறுவனங்களின் உச்சியிலிருப்போர் மத்தியில் ஒரே கல்வி, ஒரே உத்தியோக மரபு, ஒரே நட்பு வட்டம் ஆகியவற்றால் உருவாகிவிடுகின்றது.

2

படத்தைத் தடுத்ததற்குக் கூறப்பட்ட காரணம் தனித்து நோக்கத்தக்கது. வீட்டில் தனித்திருக்கும் முதியோர், சிறுவர், மனத்தளர்ச்சியுற்றோர் ஆகியோரின் நலன் கருதியே இம்முடிவு எடுக்கப்பட்டதெனப் பி.பி.சி.யின் சார்பிற் கூறப்பட்டது. இக்கவலையை முற்றாகப் போலியெனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. கொடூரக் காட்சிகள் வீட்டினுள் அறிவிப்பின்றி நுழைவது பற்றிப் பெற்றோரும் முதியோரும் கொள்ளும் அச்சம் மெய்யானதே. ஆயின் அதற்குப் பரிகாரமாக இரவில் நேரம் தாழ்த்தி ஒளிபரப்பலாம், முன்னெச்சரிக்கை செய்யலாம், படத்தின் முன்னோ பின்னோ கலந்துரையாடல் வைக்கலாம். இவற்றுள் ஒன்றேனும் மேற்கொள்ளப்படாது படம் முழுமையாகத் தடுக்கப்பட்டமை, காரணத்தைப் பிறிதோரிடத்தில் தேடுமாறு நம்மைத் தூண்டுகின்றது.

படத்தை யார் யார் எவ்வொழுங்கிற் பார்த்தனர் என்று நிரல்படுத்திப் பார்த்தால் அக்காரணம் தெளிவாகும். முதலில் ஆளுநர்களும் உயர் உத்தியோகத்தரும் படைத்துறைப் பிரதிநிதிகளும் பார்த்தனர். 1966 பெப்ருவரியில், இலண்டன் தேசிய திரைப்பட அரங்கில், அழைக்கப்பட்ட பாராளுமன்ற உறுப்பினரும் பத்திரிகையாளரும் பார்த்தனர். அவ்வாண்டிலேயே பிரித்தானியத் திரைப்பட நிறுவகத்தின் மூலம் அது வெளியிடப்பட, திரையரங்குகளிலும் திரைப்படச் சங்கங்களிலும் அணு ஆயுத எதிர்ப்பியக்கத்தின் கூட்டங்களிலும் பலர் பார்த்தனர். 1967இல் சிறந்த விவரணப் படத்துக்கான ஒஸ்கார் விருதும் அதற்குக் கிடைத்தது. கென்ற் மக்கள் நடித்த அப்படத்தைக் கென்ற் மக்கள் தம் வீட்டிலிருந்தவாறே பார்க்கக் கிடைத்ததோ 1985ஆம் ஆண்டு யூலை 31ஆந் திகதியன்றே. இருபது ஆண்டுகளாகக் காத்திருந்தவர், யாருடைய வரிப்பணத்திலிருந்து அணுகுண்டு செய்யப்பட்டதோ, யாருடைய அனுமதிப்பத்திரக் கட்டணத்திலிருந்து படம் எடுக்கப்பட்டதோ, அந்தச் சாதாரண பார்வையாளரே.

ஆகவே தடுக்கப்பட்டது படம் என்பதிலும் பார்க்க, ஒரு குறித்த சமூகத் தொகுதி அதனை ஒரே வேளையிற் பார்ப்பது தடுக்கப்பட்டது என்பதே பொருந்தும். தேடிச் சென்று பார்க்கும் சிறுதொகையினரிடையே ஒரு கருத்து நடமாடுவதை முதலாளித்துவ அரசு பொறுத்துக்கொள்ளும். அது தாராண்மைவாதத்தின் பெருமையாகவும் காட்டப்படும். அதே கருத்து ஓரிரவில் இலட்சக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களின் முன்னறையில் ஒலிக்கும்போதே அது அரசியற் சக்தியாகின்றது. றேமன்ட் வில்லியம்ஸ் 1962இல் வெளியிட்ட 'கொம்யூனிக்கேஷன்ஸ்' என்ற நூலில் தொடர்பு முறைமைகளை அதிகார முறை, தந்தைமை முறை, வணிக முறை, சனநாயக முறை என நால்வகைப்படுத்தினார். மக்களின் நலனுக்காகவே தாம் தீர்மானிப்பதாகக் கூறும் தந்தைமை முறைக்கு இப்படத்தின் வரலாறு தக்க உதாரணமாகும். தந்தை தம் பிள்ளைகளைக் கலந்தாலோசிப்பதில்லை. அவர்கள் என்றோ ஒருநாள் வளர்ந்துவிடுவார்கள் என்று மட்டும் கூறுகின்றார். அந்த நாளைக் குறிப்பவரும் அவரே.

3

இப்படம் ஈற்றில் ஒளிபரப்பான அதே வாரத்திற் பிறிதொரு தடை பிறந்தமை வரலாற்றின் முரண்நகையாகும். வட அயர்லாந்தின் டெரி நகரில் எதிரெதிர் அரசியலைச் சார்ந்த மாட்டின் மக்கினஸ், கிறெகரி கம்பெல் ஆகிய இருவரின் வாழ்வைக் காட்டிய 'றியல் லைவ்ஸ்' வரிசை விவரணப் படம் ஓகஸ்ட் 7ஆந் திகதி ஒளிபரப்பாகவிருந்தது. உள்நாட்டு அமைச்சர் லியோன் பிரிட்டன், படத்தைத் தாம் பார்க்காமலே, அதனை ஒளிபரப்பவேண்டாமெனப் பி.பி.சி.க்குக் கடிதம் எழுதினார். யூலை 30ஆந் திகதி ஆளுநர் சபை படத்தைப் பார்வையிட்டு, நிருவாகத்தினரின் கருத்துக்கு மாறாக அதனை நிறுத்தியது. மறுநாளே 'த வோர் கேம்' ஒளிபரப்பானது. இருபதாண்டு பழைய தவறு திருத்தப்பட்ட வேளையிற் புதிய தவறு இழைக்கப்பட்டது. காலங்கடந்த எதிர்ப்புக் குரலை மரபுச் செல்வமாக ஏற்றுக்கொள்ளும் நிறுவனம், நிகழ்காலக் குரலையே அஞ்சுகின்றது.

இம்முறை முடிவு மேலிருந்தோருடன் முடியவில்லை. ஓகஸ்ட் 7ஆந் திகதி தேசிய பத்திரிகையாளர் சங்கத்தினர் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தனர். போட்டி நிறுவனமான ஐ.ரி.என்.னின் செய்தியாளரும், பி.பி.சி. உலக சேவையின் ஊழியரும் அதிற் பங்குகொண்டனர். சிறு மாற்றங்களுடன் அப்படம் ஒக்ரோபரில் ஒளிபரப்பானது. ஒரு தடை இருபது ஆண்டுகளும் மற்றொரு தடை ஏறத்தாழப் பத்து வாரங்களும் நீடித்தமைக்குரிய காரணங்களுள், இரண்டாவது சந்தர்ப்பத்தில் ஊடகத் தொழிலாளர் கூட்டாகச் செயற்பட்டமை முதன்மையானது எனலாம்.

எனினும் அத்தொழிலாளர் எவ்வாறு தெரிவுசெய்யப்பட்டனர் என்ற வினாவும் உண்டு. அவ்வாண்டு ஓகஸ்ட் 18ஆந் திகதி 'ஒப்சேர்வர்' பத்திரிகை, பி.பி.சி.யின் பதவிகளுக்கு விண்ணப்பித்தோரைப் பற்றி உள்நாட்டு உளவுத்துறையிடம் இரகசியமாகக் கேட்டறியும் வழக்கம் நெடுங்காலமாக நிலவியமையை அம்பலப்படுத்திற்று. இடதுசாரிகள் எனக் கருதப்பட்டோர் பலர் காரணம் அறியாமலே பதவி மறுக்கப்பட்டனர். எழுதப்படாத நிகழ்ச்சியை வெட்டவேண்டியதில்லை. அதனை எழுதக்கூடியவர் உள்ளே வராதிருந்தாற் போதும்.

4

இணக்கம் தளரும்போது பலவந்தம் வெளிப்படும். 1988 ஒக்ரோபர் 19ஆந் திகதி உள்நாட்டு அமைச்சர் டக்ளஸ் ஹேர்ட், அதுவரை பின்னணியில் இருந்த கட்டளை அதிகாரத்தை நேரடியாகப் பிரயோகித்தார். வட அயர்லாந்துடன் தொடர்புடைய 11 அமைப்புகளின் பிரதிநிதிகளது குரலை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கச் செய்தல் தடைசெய்யப்பட்டது. அவற்றுள் சட்டபூர்வமாக இயங்கியதும், பாராளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்திருந்ததுமான சின் ஃபெயின் கட்சியும் அடங்கும். சொற்கள் தடுக்கப்படவில்லை, குரலே தடுக்கப்பட்டது. எனவே பேசுவோரின் வாயசைவுக்கேற்ப நடிகர் குரல் கொடுக்கும் விசித்திரம் நிகழ்ந்தது. பத்திரிகையாளர் தொடுத்த வழக்கை 1991இல் பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தது. 1994 செப்ரெம்பரிலேயே தடை நீக்கப்பட்டது.

இவற்றிலிருந்து அரசும் ஊடகமும் எப்பொழுதும் ஒன்றே என முடிவுசெய்தல் இயந்திரப் பாங்கான நோக்காகும். ஜிப்ரோல்டரில் அயர்லாந்துக் குடியரசுப் படையைச் சேர்ந்த மூவர் கொல்லப்பட்டமை பற்றித் தேம்ஸ் தொலைக்காட்சி 1988 ஏப்ரிலில் ஒளிபரப்பிய 'டெத் ஒன் த றொக்' நிகழ்ச்சியைப் பிற்போடுமாறு வெளிநாட்டு அமைச்சர் கேட்டபோது, சுயாதீன ஒளிபரப்பு அதிகாரசபை மறுத்துவிட்டது. முரண்பாடுகள் நிறுவனங்களின் உள்ளேயும் உள. அவற்றைப் பயன்படுத்துவதே முற்போக்காளரின் பணி. அதிகாரசபையின் பெயரும் அமைப்பும் காலத்துக்குக் காலம் மாறியுள்ளன, பி.பி.சி.யின் ஆளுநர் சபையே 2007இல் ஒழிக்கப்பட்டது. நியமிப்பவர் யார் என்ற வினா மட்டும் மாறவில்லை.

முற்போக்காளராகிய நாம் பிறரை நோக்கிக் கேட்கும் வினாவை நம்மை நோக்கியும் கேட்டல் வேண்டும். சோவியத் ஒன்றியத்தில் 1922ஆம் ஆண்டு நிறுவப்பட்ட 'கிளாவ்லிற்' எனும் தணிக்கை நிறுவனம் ஏறக்குறைய அந்நாடு நிலவிய காலம் முழுவதும் இயங்கியது. உழைக்கும் வர்க்கத்தின் பெயரால் அவ்வர்க்கம் பார்க்கவேண்டியதைத் தீர்மானித்ததும் தந்தைமையே. அதனைக் கண்டும் காணாதிருந்தமை நமது இயக்கத்துக்குப் பெருமை சேர்க்கவில்லை.

5

பார்வையாளரின் பெயரைச் சொல்லாதோர் இவ்வரலாற்றில் இலர். ஆளுநர் அவர்களைக் காப்பதாகக் கூறினர். அமைச்சர் அவர்களது பாதுகாப்பைக் காரணங் காட்டினார். ஒழுக்கக் காவலரான மேரி வைற்ஹவுஸ் 1965இல் அமைத்த சங்கமோ பார்வையாளர், நேயர் என்ற பெயரையே தனதாக்கிக்கொண்டது. அவர்களை நேரிற் கேட்பதற்கான அமைப்பை எவரும் உருவாக்கவில்லை.

இவ்விடத்தில் நம் நாட்டு அனுபவம் ஒன்று நினைவுகூரத்தக்கது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் நேயர்கள் தொலைபேசி வழியே பங்குகொண்ட முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்று 1995இல் திடீரென நிறுத்தப்பட்டபோது, நேயர் ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். பங்குகொள்ளும் நேயர் என்ற முறையில் அவரது கருத்துவெளிப்பாட்டுச் சுதந்திரம் மீறப்பட்டதென நீதிமன்றம் 1996இற் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டில், ஒலி, ஒளிபரப்பு அதிகாரசபை ஒன்றை அமைக்கும் சட்டமூலம் அரசாங்கத்தினின்றும் சுதந்திரமற்ற அமைப்பை உருவாக்குகின்றது என்ற காரணத்தால், அரசியலமைப்புக்கு முரணானதென அதே நீதிமன்றம் கண்டது. கேட்பவனும் பேசும் உரிமையுடையவன் என்பதும், தீர்மானிக்கும் சபை எவருக்குக் கட்டுப்பட்டது என்பதே முதல் வினா என்பதும் இவ்விரு தீர்ப்புகளாலும் துலங்குகின்றன.

தணிக்கையே கூடாது என்ற கோரிக்கை மட்டும் போதியதன்று. அது ஒழிந்த இடத்தை வணிக நிறுவனம் நிரப்பிக்கொள்ளக்கூடும். நிறுத்தப்படும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் காரணம் எழுத்திற் பகிரங்கப்படுத்தப்படல், நியமனங்கள் அமைச்சரின் கையினின்றும் நீங்கல், ஊடகத் தொழிலாளருக்கும் பார்வையாளருக்கும் சபைகளில் இடமிருத்தல் என்பன குறைந்தபட்சக் கோரிக்கைகளாகும். காண்போர் வரிசையில் இறுதியில் நிறுத்தப்பட்டவர் முன்னுக்கு வரும்போதே தொலைக்காட்சி மக்கள் சாதனம் என்ற பெயருக்கு உரியதாகும்.