சக்கர வீட்டின் கணப்பும் இரைச்சலும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் கேம்பர் டிரெய்லர், படுக்கையும் சமையலடுப்பும் கழிவறையும் ஒரு சிறிய கூட்டுக்குள் அடங்கிய சக்கர வீடாகும். எடை குறைய வேண்டும் என்பதற்காக அதன் சுவர்கள் மெல்லியவையாக அமைக்கப்படுவதால், வெளியே பனி கொட்டும் இரவுகளில் உள்ளிருக்கும் வெப்பம் வேகமாக வெளியேறிவிடுகிறது. அதை ஈடுசெய்ய ஃபர்னஸ் எனப்படும் வெப்பமூட்டி விடியும்வரை விட்டுவிட்டு இயங்க வேண்டியிருக்கிறது. கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ பொருத்தப்பட்டிருக்கும் அந்தக் கருவி ஒவ்வொரு முறை ஓடத் தொடங்கும்போதும் உறக்கம் கலைகிறது என்பது இவ்வண்டிகளில் தங்குவோரின் பொதுவான குறை. குறை நியாயமானதே, ஆனால் அதற்குத் தேடப்படும் தீர்வு காற்றின் பாதையை அடைப்பதாகவோ, ஃபர்னஸை அணைத்துவிட்டுத் திறந்த சுடரை உள்ளே ஏற்றுவதாகவோ அமைந்துவிட்டால், அது உயிருக்கே உலை வைத்துவிடும்.

கருவி இயங்கும் விதம்

இந்த ஃபர்னஸ் புரொப்பேன் வாயுவை எரித்து வெப்பம் தருகிறது. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் உள்ள எரிவாயு உருளையில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன. பியூட்டேன் ஏறத்தாழ 0 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகாமல் திரவமாகத் தங்கிவிடும் என்பதாலும், புரொப்பேன் -42 டிகிரி வரை ஆவியாகக் கூடியது என்பதாலும், குளிர்நாடுகளில் புரொப்பேனே பயன்படுகிறது. அறையின் வெப்பம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கியதைத் தெர்மோஸ்டாட் உணர்ந்ததும், முதலில் 12 வோல்ட் மோட்டார் ஓடத் தொடங்கி, எரிகலனில் தங்கியிருக்கக்கூடிய பழைய வாயுவைச் சில நொடிகள் வெளியே தள்ளுகிறது. காற்று போதிய வேகத்தில் ஓடினால் மட்டுமே மூடிக்கொள்ளும் செயில் சுவிட்ச் என்னும் சிறு தகடு மூடிய பிறகுதான் வாயுவின் வால்வு திறந்து பொறி தட்டுகிறது. சுடர் அணைந்த பின்னும் எரிகலனின் சூடு தணியும்வரை மோட்டார் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரே மோட்டாரின் அச்சில் இரண்டு விசிறிச் சக்கரங்கள் பொருத்தப்பட்டிருப்பது இக்கருவியின் முக்கியமான அமைப்பாகும். ஒரு சக்கரம் வெளிக்காற்றை எரிகலனுக்குள் இழுத்து, எரிந்த புகையை மீண்டும் வெளியிலேயே விடுகிறது. மற்றொன்று அறைக்காற்றை எரிகலனின் வெளிப்புறச் சுவரைத் தழுவி ஓடச்செய்து, சூடேற்றிக் குழாய்கள் வழியே அறைக்குள் அனுப்புகிறது. இரண்டு காற்றும் எந்த இடத்திலும் கலப்பதில்லை. இரைச்சலுக்குக் காரணமான அந்த விசிறியே உறங்குவோரின் மூச்சுக்காற்றைப் புகையிலிருந்து பிரித்து வைக்கும் ஏற்பாட்டின் உயிர்நாடி என்பதை மனத்தில் கொண்டே பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்க வேண்டும்.

இரைச்சலின் வகைகள்

எல்லா இரைச்சலுக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. கிறீச்சென்ற ஒலி மோட்டாரின் பேரிங் தேய்ந்துவிட்டதைக் காட்டுகிறது. எண்ணெய் விட்டு அதை அடக்கினாலும் அந்த நிம்மதி நெடுநாள் நிலைக்காது என்பதால் மோட்டாரை மாற்றுவதே முறை. கடகடவென்ற அதிர்வொலிக்கு, விசிறிச் சக்கரத்தில் படிந்த தூசும் முடியும் அதன் சமநிலையைக் குலைத்திருப்பதோ, திருகு தளர்ந்து சக்கரம் உறையில் உரசுவதோ காரணமாகலாம். ஒட்டுப்பலகைத் தரையில் நேரடியாகத் திருகப்பட்ட கருவியின் அதிர்வைத் தரையே பெருக்கிக் காட்டும் இடங்களில், தயாரிப்பாளர் அனுமதிக்கும் வகையில் ரப்பர் தாங்கிகளை வைத்தால் ஒலி தணியும். தரைக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் காற்றுக்குழாயை நேராக்கி விரித்துவிடுவது, சீழ்க்கை போன்ற ஒலியையும் கருவியின் சிரமத்தையும் ஒருசேரக் குறைக்கிறது.

இவற்றுக்குப் பின்னும் எஞ்சும் காற்றின் ஓசையைக் குறைக்கச் சிலர் கம்பளத்தையோ பஞ்சையோ ஃபர்னஸின் முன்புள்ள சல்லடையில் திணிக்கின்றனர். சிலர் படுக்கையருகே உள்ள காற்றுத் துளைகளை ஒவ்வொன்றாக மூடிவிடுகின்றனர். அறைக்காற்று வந்துபோகும் வழி இவ்வாறு அடைபடும்போது எரிகலன் அளவுமீறிச் சூடேறி, வெப்ப வரம்புச் சுவிட்ச் சுடரை அணைத்துவிடும். அது நாள்தோறும் நிகழ்ந்தால் எரிகலனின் உலோகச் சுவரில் விரிசல் விட்டு, புகை அறைக்காற்றில் கலக்கும் அபாயம் உருவாகிறது. ஒலியுறிஞ்சும் பொருள் ஏதேனும் பொருத்துவதாயின் அது தீப்பற்றாததாகவும், கருவியைச் சுற்றித் தயாரிப்பாளர் விடச் சொன்ன இடைவெளிக்கு வெளியே அமைவதாகவும் இருக்க வேண்டும்.

வேறு சில ஒலிகள் எச்சரிக்கைகளாகும். பற்றும்போது ‘டும்’ என்று அதிர்ந்தால், வாயு தேங்கித் தாமதமாகப் பற்றுகிறது என்று பொருள். விசிறி சோம்பலாகச் சுழன்றும் சுடர் பற்றவில்லை என்றால் பேட்டரி வலுவிழந்திருக்கக்கூடும். வண்டி பயன்படாமல் நிற்கும் கோடைக் காலத்தில், புகைபோக்கித் துளைக்குள் குளவிகள் மண்கூடு கட்டிவிடுவது வட அமெரிக்காவில் சாதாரணமாகக் காணப்படுவது. விரல் நுனியளவு மண்ணே எரிதலுக்குரிய காற்றைக் குறைத்துச் சுடரை மஞ்சளாக்கப் போதும். துளையைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டும்வரை கருவியை இயக்கலாகாது.

மாற்று வழிகளும் அவற்றின் எல்லைகளும்

முகாம் திடலில் மின் இணைப்பு கிடைக்குமானால், 1,500 வாட் எண்ணெய் ரேடியேட்டர் ஓசையின்றி இரவைக் கடத்த உதவும். அதை நீட்டிப்புக் கம்பியில் இணைக்காமல் சுவரிலுள்ள சாக்கெட்டிலேயே செருக வேண்டும். ஆனால் பல வண்டிகளில் தரைக்கு அடியிலுள்ள தண்ணீர்க் குழாய்களுக்கும் ஃபர்னஸின் வெப்பக்காற்றே செல்வதால், கடுங்குளிரில் மின்ஹீட்டரை மட்டும் நம்பினால் அறை கதகதப்பாக இருக்கும்போதே குழாய் உறைந்து வெடித்துவிடக்கூடும். உறங்குமுன் வண்டியை நன்றாகச் சூடேற்றி, பிறகு தெர்மோஸ்டாட்டைத் தாழ்த்திக் கனமான போர்வையுடன் படுப்பது ஃபர்னஸ் ஓடும் தடவைகளைக் குறைக்கும்.

புகைபோக்கி இல்லாத சிறிய புரொப்பேன் ஹீட்டர்கள் அறைக்காற்றையே எரிக்கின்றன. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிப்பட்டுக் கண்ணாடியிலும் மெத்தைக்கு அடியிலும் ஈரமாகப் படிகிறது, ஆக்சிஜனும் குறைகிறது. சன்னலையும் கூரைத் துளையையும் சிறிது திறந்து வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் மட்டுமே இந்த ஹீட்டர்களைப் பயன்படுத்தலாம். சமையலடுப்பைக் கணப்பாகப் பயன்படுத்துவது எந்நிலையிலும் கூடாது.

காற்றுக் குறைவாக எரியும் சுடரிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு, நிறமும் மணமும் அற்ற வாயு. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இவ்வாயுவைப் பற்றிக்கொள்வதால், தலைவலியும் குமட்டலும் காய்ச்சலின் தொடக்கம் போலத் தோன்ற, உறங்குபவர் விழிக்காமலே மயங்கிவிடுகிறார். கொடைக்கானல் போன்ற மலையூர்களில் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் மாண்டதும் இதே வாயுவால்தான்.

அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 1192 என்னும் பாதுகாப்புத் தரவிதி இவ்வண்டிகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பானையும் புரொப்பேன் கசிவு எச்சரிப்பானையும் வைக்கச் சொல்கிறது. புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் அதற்குரிய கருவி தரையை ஒட்டி அமைகிறது; கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து பரவும் என்பதால் அதற்குரியது படுக்கைக்கு அருகில் அமைகிறது. இவற்றின் உணர்திறனுக்கு ஆயுள் வரம்பு உண்டு. கருவியில் அச்சிட்ட காலாவதித் தேதி கடந்ததும், பட்டனை அழுத்தினால் ஒலித்தாலும் கூட, மாற்றிவிட வேண்டும். எச்சரிப்பான் ஒலித்தால் காரணம் தேடி உள்ளே நிற்காமல் எல்லோரும் வெளியேறித் தூய காற்றில் நின்று உதவிக்கு அழைப்பதே செய்ய வேண்டிய முதல் செயல்.

குளிர்காலத்துக்கு முன்பே புகைபோக்கித் துளையைச் சோதித்து, மோட்டாரையும் குழாய்களையும் சீராக்கி, எச்சரிப்பான்களின் தேதியைப் பார்த்துவிட்டால் இரைச்சலில் பெரும்பகுதி அடங்கிவிடும். எஞ்சும் மெல்லிய ஓசையைப் பொறுத்துக்கொள்ளலாம். புகையை வெளியேற்றும் விசிறியை நிறுத்தி வாங்கும் அமைதி எவருக்கும் வேண்டாம்.