உயர்திறன் செயற்கை இழைகள்

உயர்திறன் செயற்கை இழைகள் என்பவை வலிமை, விறைப்பு, வெப்பம் தாங்கும் திறன் ஆகியவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ நைலான், பாலியெஸ்டர் போன்ற பொதுப் பயன்பாட்டு இழைகளைவிடப் பெரிதும் மேம்பட்ட நாரிழைகள் ஆகும். அராமிட் இழை, மிக உயர்ந்த மூலக்கூற்று எடை கொண்ட பாலியெத்திலீன் இழை, கார்பன் இழை ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவை பெரும்பாலும் பாதுகாப்புக் கருவிகள், கயிறுகள், வானூர்திப் பாகங்கள் முதலியவற்றுக்கே பயன்படுகின்றன.

வலிமையின் அடிப்படை

செயற்கை இழைகள் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனவை. சாதாரண இழையில் இச்சங்கிலிகளில் ஒரு பகுதி சிக்கு விழுந்த நூலைப்போல் மடிந்து கிடக்கும். இழுத்தால் முதலில் மடிப்புகளே விரியும். வலுவான வேதிப் பிணைப்புகள் முழுச் சுமையையும் ஏற்பதில்லை. உயர்திறன் இழைகளிலோ அவை துடைப்பத்தின் ஈர்க்குகளைப்போல் ஒரே திசையில் நேராக அடுக்கப்பட்டுள்ளன. இதனால் நீளவாக்கில் வலிமை மிகுகிறது. ஆனால் பக்கவாட்டிலும் அழுத்தத்திலும் அதே வலிமை இருப்பதில்லை.

முக்கிய வகைகளும் பயன்களும்

அராமிட் இழை: 1965-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன வேதியியலாளர் ஸ்டெபனி குவோலெக், டயர்களுக்கான எடை குறைந்த இழையைத் தேடும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். அவருக்குக் கிடைத்த கரைசல் வழக்கம்போல் தெளிந்த பாகாக இல்லாமல், நீர்த்தும் கலங்கியும் இருந்தது. அது நூற்புக் கருவியின் துளைகளை அடைத்துவிடும் என்று கருவியின் பொறுப்பாளர் முதலில் தயங்கினார். உண்மையில் அக்கலங்கல் நீர்மப் படிக நிலையின் அடையாளம். மூலக்கூறுகள் கரைசலிலேயே வரிசைப்பட்டிருந்தன. இதன் தொடர்ச்சியாக உருவான கெவ்லார் இழை, 1970களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. இது சம எடையுள்ள எஃகைவிட ஏறத்தாழ 5 மடங்கு வலிமையானது. குண்டு துளைக்காத உடைகள், டயர்கள், ஒளியிழை வடங்கள், கல்நாருக்கு மாற்றான பிரேக் பட்டைகள் ஆகியவற்றில் பயன்படுகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த நோமெக்ஸ், தீயணைப்பு வீரர்களின் உடைக்கு உதவுகிறது.

பாலியெத்திலீன் இழை: பிளாஸ்டிக் பைகளில் உள்ள அதே பொருள்தான், சங்கிலிகள் மட்டும் பல மடங்கு நீளமானவை. நெதர்லாந்தில் 1970களின் பிற்பகுதியில் உருவான கூழ்ம நூற்பு முறையால் அவை நேராக்கப்படுகின்றன. இழையின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 0.97 கிராம் என்பதால் நீரில் மிதக்கும். கப்பல் கயிறுகள், மீன்வலைகள், வெட்டுப்படாத கையுறைகள் இதிலிருந்து செய்யப்படுகின்றன. ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் உருகிவிடுவதால் சூடான இடங்களுக்கு ஏற்றதன்று.

கார்பன் இழை: பெரும்பாலும் பாலிஅக்ரிலோநைட்ரைல் இழையைக் காற்றில் 200 முதல் 300 பாகை வரை சூடாக்கி, பின் ஆக்சிசன் இல்லாச் சூழலில் 1000 பாகைக்கு மேல் வாட்டி எடுக்கப்படுகிறது. பிசினுடன் சேர்த்துக் கூட்டுப்பொருளாகவே இது பயன்படுகிறது. போயிங் 787 வானூர்தியின் கட்டமைப்பு எடையில் ஏறத்தாழ பாதி இத்தகைய கூட்டுப்பொருள்களே. காற்றாலை இறக்கைகளிலும் அழுத்த வளிமக் கலன்களிலும் இதன் பயன் பெருகி வருகிறது.

நீடிப்புத்திறன்

புதிய இழையின் வலிமையை மட்டும் அளந்து அதன் தகுதியை முடிவு செய்ய இயலாது. கெவ்லாரைவிட வலிமையான சைலான் இழை குண்டு துளைக்காத உடைகளில் சேர்க்கப்பட்டது. ஆனால் ஈரம், வெப்பம், ஒளி ஆகியவற்றால் அது நாளடைவில் நலிந்தது. 2003-இல் அமெரிக்காவில் ஒரு காவலர் அணிந்திருந்த உடையை, அது தடுத்திருக்க வேண்டிய குண்டே துளைத்தது, அவர் படுகாயமடைந்தார். 2005-இல் அந்நாட்டு நீதித்துறையின் ஆய்வு அமைப்பு, சைலான் கொண்ட உடைகளுக்குத் தகுதி ஏற்பை நிறுத்தியது. வியர்வையும் வெயிலும் படும் உடைக்கு, பல ஆண்டுகளுக்குப் பின் எஞ்சும் வலிமையே உயிர்காக்கும் அளவுகோல் ஆகும்.

எதிர்கால வளர்ச்சி

மறுசுழற்சி இத்துறையின் பெரும் சவாலாகும். கார்பன் கூட்டுப்பொருளில் உள்ள பிசின் பெரும்பாலும் மீண்டும் உருகாத வகை. வெப்பச்சிதைவால் பிசினை நீக்கி இழையை மீட்கலாம். ஆனால் மீளும் இழை துண்டு துண்டாக இருப்பதால், தொடர் இழை தேவைப்படும் பாகங்களுக்கு உதவாது. எனவே எளிதில் பிரியும் பிசின்கள் ஆராயப்படுகின்றன.

கார்பன் இழையின் விலையைக் குறைக்க, மரத்தில் உள்ள லிக்னினை மூலப்பொருளாக்கும் முயற்சி நடைபெறுகிறது. கார்பன் நானோகுழாய்களை நூலாக நூற்கும் ஆய்வும் தொடர்கிறது. தனிக்குழாயின் வலிமை மிகப் பெரிது. ஆயினும் கோடிக்கணக்கான குழாய்களை ஒரே நூலில் இணைக்கையில், அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் அவ்வலிமையின் ஒரு பகுதியே கிடைக்கிறது.