'கய்': பெயர், பொம்மை, ஆள்

ஆங்கிலத்தில் ஓர் ஆம்பிளையைச் சுட்டுவதற்கு அன்றாடம் புழங்கும் சொற்களில் 'கய்' என்பதும் ஒன்று. ('கை' என்று எழுதினால் நமது உறுப்போடு போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இப்படி எழுதுகிறேன்.) 'மேன்' என்ற சொல்லைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ஆணையும் அதுவே குறிக்கும், மொத்த மனித இனத்தையும் அதுவே குறிக்கும் என்கிற தில்லுமுல்லைப் பெண்ணியவாதிகள் 1970களிலேயே தோலுரித்தார்கள். 'சேர்மேன்' 'சேர்பெர்சன்' ஆனது அப்படித்தான். ஆனால் அதே அமெரிக்காவில், ஆணும் பெண்ணுமாக இருக்கிற கூட்டத்தைப் பார்த்து 'யூ கய்ஸ்' என்று கூப்பிடும் வழக்கம் எந்தத் தடையுமின்றிப் பரவியது. முன்வாசல் வழியாக வெளியேற்றப்பட்ட ஆண் கொல்லைப்புறமாக, தோளில் கைபோட்டுக்கொண்டு, சிநேகிதனாக உள்ளே வந்துவிட்டான். இன்று தமிழில் சமையல் குறிப்புச் சொல்லும் யூட்யூப் சேனல்கூட 'ஹாய் கய்ஸ்' என்றுதான் ஆரம்பிக்கிறது. 'வெறும் வார்த்தைதானே, இதுல என்ன இருக்கு' என்று கேட்பவர்கள் உண்டு. இதில் என்ன இருக்கிறது என்பதுதான் இக்கட்டுரை.

1

இந்தச் சொல்லுக்குள் ஓர் எரிக்கப்பட்ட உடல் இருக்கிறது.

'கய்' முதலில் ஓர் இடுகுறிப் பெயர். நார்மன் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பெயர்களுள் ஒன்று. இத்தாலியில் அதுவே 'கிதோ'. 1570இல் யார்க் நகரில் பிறந்த கய் ஃபாக்ஸ் என்பவனால்தான் அப்பெயருக்கு வினை வந்தது. கத்தோலிக்கனாக மாறியவன், நெதர்லாந்துப் போர்களில் ஸ்பெயின் தரப்பில் நின்று சண்டையிட்டவன். அன்றைய இங்கிலாந்தில் கத்தோலிக்கர்கள் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டுக்குப் போகாவிட்டால் அபராதம் கட்டவேண்டும். அவர்களது பாதிரிகள் பிடிபட்டால் மரண தண்டனை. ராபர்ட் கேட்ஸ்பி என்பவனது தலைமையில் ஒரு சிறு குழு, பாராளுமன்றம் கூடுகிற நாளில் பிரபுக்கள் சபைக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தை வைத்து மன்னர் முதலாம் ஜேம்ஸையும் சபையையும் சேர்த்துத் தகர்த்துவிடுவது என்று திட்டமிட்டது. 1605 நவம்பர் 5 பிறக்கிற நள்ளிரவில் நிலவறையில் காவல் இருந்த ஃபாக்ஸ் அகப்பட்டான்.

அகப்பட்டபோது அவன் சொன்ன பெயர் 'ஜான் ஜான்சன்'. நம்மூரில் முனுசாமி, கந்தசாமி என்று சொல்வதுபோல. எவனுக்கும் பொருந்தும் பெயர். உண்மைப் பெயரை வரவழைக்கச் சித்திரவதை தேவைப்பட்டது. அதற்கு அனுமதித்து மன்னரே எழுதினார். வதைக்குப் பின் அவன் இட்ட கையெழுத்து ஆவணமாக இன்றும் இருக்கிறது. கோணல்மாணலாகத் தேய்ந்துபோன சில கோடுகள். 1606 ஜனவரி 31இல் கொன்று உடலை நான்காக வெட்டினார்கள்.

அத்தோடு விடவில்லை. மன்னர் தப்பியதற்கு ஆண்டுதோறும் நவம்பர் 5இல் தேவாலயங்களில் நன்றி வழிபாடு நடக்கவேண்டும் என்று 1606இல் சட்டம் போட்டார்கள். 1859 வரை, இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக, அச்சட்டம் நீடித்தது. தெருக்களில் சொக்கப்பனை கொளுத்தினார்கள். முதலில் அதிகம் எரிந்தது போப்பாண்டவரின் கொடும்பாவி. பிறகு மெல்லமெல்ல ஃபாக்ஸின் கொடும்பாவி முதலிடம் பிடித்தது. பழந்துணியில் வைக்கோல் திணித்து, கந்தல் கோட்டு மாட்டி, பிள்ளைகள் தெருத்தெருவாக இழுத்துவந்து 'கய்க்கு ஒரு பென்னி' என்று காசு கேட்பார்கள். எலியட் 1925இல் எழுதிய 'வெற்று மனிதர்கள்' கவிதையின் முகப்பில் நிற்பது இந்தக் கூவல்தான். நவீன மனிதன் வைக்கோல் அடைத்தவன் என்று சொல்ல எலியட்டுக்கு இந்தப் பொம்மை தேவைப்பட்டிருக்கிறது.

2

இனிச் சொல்லின் பயணம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கய்' என்றால் அந்தக் கொடும்பாவி. சில பத்தாண்டுகளில் கொடும்பாவியைப்போலக் கோமாளித்தனமாக உடுத்தியவன் 'கய்' ஆனான். 'கய் செய்தல்' என்றால் ஒருவனைக் கிண்டலடித்தல் என்று ஒரு வினைச்சொல்லும் பிறந்தது. 1840கள் முதல் அமெரிக்கப் பேச்சில் அது 'ஆள்', 'ஒருத்தன்' என்கிற அளவுக்குக் கூர் மழுங்கிவிட்டது. பெயர், பொம்மை, கோமாளி, ஆள். ஒவ்வொரு படியிலும் ஒரு தனி மனிதனின் சதை கொஞ்சம் உதிர்ந்து, கடைசியில் எவனுமாக இருக்கக்கூடிய ஒரு வெற்றிடம் மிஞ்சுகிறது.

கிண்டல் அமெரிக்காவில் ஏன் கழன்றது? இங்கிலாந்தில் பொம்மை வருஷாவருஷம் தெருவில் கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தது. சொல்லைக் கேட்டவுடன் கந்தல் கோட்டு ஞாபகம் வரும். அமெரிக்கக் குடியேற்றங்களிலும் இந்த நாள் கொண்டாடப்பட்டதுதான். பாஸ்டனில் 'போப் நாள்' என்றே பெயர். ஆனால் 1775 நவம்பரில் தனது படையினர் போப்பின் கொடும்பாவியை எரிக்கக்கூடாதென்று ஜார்ஜ் வாஷிங்டன் உத்தரவிட்டார். கனடாவின் கத்தோலிக்கர்களது ஆதரவு வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்குப் பின் இங்கிலாந்து மன்னர் தப்பித்ததை அங்கே யார் கொண்டாடுவார்கள்? சடங்கு செத்த இடத்தில் சொல் ஞாபகமற்றதாயிற்று என்பது என் ஊகம்.

சசூர் சொன்னதுபோல் குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையிலான உறவு இடுகுறித்தன்மை வாய்ந்தது என்று இதை விட்டுவிடலாம். எனக்கு அது போதவில்லை. உறவு இடுகுறிதான், ஆனால் அது மாறிய விதம் இடுகுறி அல்ல. சட்டம், சித்திரவதை, திருச்சபை, தெருச் சடங்கு எல்லாம் சேர்ந்து அதை மாற்றியிருக்கின்றன. 'மார்க்சியமும் மொழித் தத்துவமும்' (1929) நூலில் வொலோஷினோவ் சொல்லைச் சமூக மோதலின் களமாகப் பார்ப்பதன் அர்த்தம் இங்கே துலக்கமாகிறது. ஒடுக்கப்பட்ட சிறுபான்மையினன் ஒருவனது பெயர், வென்றவர்களின் சிரிப்பு வழியாகவே பொதுச்சொல் ஆகியிருக்கிறது.

(ஒரு எச்சரிக்கை. கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிற்றுக்கும் ஆங்கிலத்தில் 'கய்' என்று பெயர். அது கப்பலோட்டிகள் வழியாக வந்த வேறு சொல். ஃபாக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நம்மவர்கள் யாராவது தமிழ்க் 'கயிறு'தான் 'கய்' ஆயிற்று என்று ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம்.)

3

'ஒருத்தன்' எப்படி 'எல்லாரும்' ஆனான்? இதற்கு ஆங்கில இலக்கணத்தில் விழுந்த ஓர் ஓட்டையைப் பார்க்கவேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் முன்னிலை ஒருமைக்கு 'தௌ', பன்மைக்கு 'யீ', 'யூ' என்று தனித்தனியே இருந்தன. பன்மையை ஒருவருக்கு மரியாதைக்காகவும் பயன்படுத்தினார்கள். நாம் 'நீங்கள்' என்பதை ஒருவருக்கும் பலருக்கும் சொல்வதுபோலத்தான். வித்தியாசம் என்னவென்றால் நாம் 'நீ'யைக் கைவிடவில்லை. அவர்கள் விட்டுவிட்டார்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பொதுவழக்கிலிருந்து 'தௌ' ஒழிந்துபோக, ஒருவருக்கும் 'யூ', நூறு பேருக்கும் 'யூ' என்றாயிற்று. 'நீங்க' என்றால் ஒருவரா பலரா என்று குழம்பும்போது நாம் 'நீங்கள்லாம்' என்கிறோம் இல்லையா? அந்த 'எல்லாம்' செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'கய்ஸ்' செய்கிறது. இலக்கணத் தேவை உண்மையானது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்தத் தேவையைத் தீர்க்க வேறு சொற்கள் ஏற்கனவே இருந்தன. அமெரிக்கத் தென்மாநிலத்தாரும் கறுப்பின மக்களும் 'யால்' என்றார்கள். ஐரிஷ் உழைப்பாளிகள் 'யூஸ்' என்றார்கள். பிட்ஸ்பர்க் தொழிலாளர்கள் 'யின்ஸ்' என்றார்கள். இவை எதிலும் பால் வாசனை கிடையாது. ஆனால் இவை பட்டிக்காட்டான் பேச்சு, படிக்காதவன் பேச்சு, கறுப்பன் பேச்சு என்று பள்ளிக்கூடம் ஒதுக்கியது. விளிம்புகளிடமிருந்த தீர்வைத் தொடமாட்டேன் என்ற மையம், ஆண்பாற் சொல்லொன்றை எடுத்து 'இதுதான் பொது' என்று வைத்துக்கொண்டது. இந்தக் கதை நமக்குப் புதிதல்ல.

4

'கய்ஸ் என்றால் இப்போது யாரையும் குறிக்கும். பால் வேறுபாடே கிடையாது' என்பது வழக்கமான பதில். இதைத் தொல்காப்பியரைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

தொல்காப்பியம் வேற்றுமையை ஏழென்று எண்ணி, விளியைச் சேர்த்து எட்டு ஆக்கும். சொல்லதிகாரத்தில் விளிமரபுக்குத் தனி இயலே இருக்கிறது. கூப்பிடுவது வேறு, குறிப்பது வேறு என்கிற நுட்பம் அதில் அடங்கியிருக்கிறது என்பது என் வாசிப்பு. 'கய்ஸ்' இந்த இடத்தில்தான் பிடிபடும். விளியாக வரும்போது மட்டுமே அது எல்லாருக்குமானது. 'கய்ஸ், வாங்க' என்றால் பெண்களும் எழுந்து வருவார்கள். விளியைத் தாண்டிப் படர்க்கைக்குப் போனால்? 'அந்தக் கய்ஸ் யார்?' என்றால் கேட்பவர் மனதில் ஆண்கள் வந்து நிற்பார்கள். 'நீ இதுவரை எத்தனை கய்ஸுடன் படுத்திருக்கிறாய்?' என்று பெண்களை மட்டுமே விரும்பும் ஓர் ஆணிடம் கேட்டுப் பாருங்கள். 'கய்ஸ்' என்பதில் பெண்களும் அடக்கம் என்று அவன் கணக்குச் சொல்லமாட்டான், அடிக்க வருவான். பொதுமை அந்த நிமிஷமே உதிர்ந்துவிடுகிறது.

அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையில், 'ஏய், நீதான்' என்ற அழைப்புக்குத் திரும்பிப் பார்க்கிறவன் அந்தத் திரும்புதலாலேயே தன்னிலையாக ஆக்கப்படுகிறான் என்கிறார். 'கய்ஸ்' என்றதும் திரும்பிப் பார்க்கிற பெண் எதுவாக ஆக்கப்படுகிறாள்? கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டவளாக. சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் யாருடையது என்பதை அந்த அழைப்பு சொல்வதில்லை.

தமிழிலும் பார்க்கிறோம். கல்லூரிப் பெண்கள் ஒருவரையொருவர் 'வாடா', 'மச்சி' என்கிறார்கள். இதைக் கண்டு முகஞ்சுளிக்கும் பண்பாட்டுக் காவலர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆணுக்கென்று வேலி கட்டிவைத்த நெருக்கத்தை அவர்கள் எட்டிப் பறித்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு மீறல் இருக்கிறது. ஆனால் எதிர்த்திசையைப் பாருங்கள். ஓர் ஆணை 'வாடி' என்றால் அது கேலி, அல்லது வசை. பெண்ணுக்கு 'டா' ஏற்றம். ஆணுக்கு 'டி' இறக்கம். 'கய்ஸ்' பெண்களையும் உள்ளடக்கும். 'கேர்ல்ஸ்' என்று ஆண்களை அழைத்தால் அது படைப்பயிற்சித் திடலின் அவமானச் சொல். இருபக்கமும் போகாத பாதையைப் பொதுப்பாதை என்று எப்படிச் சொல்வது?

1985இல் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் ஓர் அங்கதக் கட்டுரை எழுதினார். ஆணைக் குறிக்கும் சொல் மனிதகுலம் முழுதையும் குறிப்பதுபோல, வெள்ளையரைக் குறிக்கும் சொல் மனிதகுலம் முழுதையும் குறிக்கிற ஓர் ஆங்கிலத்தை அதில் கற்பனை செய்தார். படிக்கிறவருக்கு உடம்பு கூசும். பால் விஷயத்தில் நமக்கு ஏன் கூசவில்லை என்பதே அதன் கேள்வி.

5

ஆணைக் குறிக்கும் எல்லாச் சொல்லும் எல்லா ஆணுக்கும் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வளர்ந்த கறுப்பு ஆணை அமெரிக்க வெள்ளையர்கள் 'பாய்' என்றே கூப்பிட்டார்கள். அதனால்தான் 1968இல் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது 'நான் ஒரு மேன்' என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். பெண்ணியம் தோலுரிக்கவிருந்த அதே 'மேன்', இவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 2006இல் ஒரு வேலைப் பாரபட்ச வழக்கில், 'கறுப்பு' என்ற அடைமொழி இல்லாமல் வெறும் 'பாய்' மட்டும் இனவெறிக்குச் சான்றாகாது என்று கீழ்நீதிமன்றம் சொன்னதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சூழல், குரலின் ஏற்ற இறக்கம், உள்ளூர் வழக்கம், வரலாறு இவற்றைப் பொறுத்தே அதன் பொருள் அமையும் என்றது. மொழியியலாளன் சொன்னால் தத்துவம் பேசுகிறான் என்பார்கள்; நீதிமன்றமே சொல்லியாயிற்று.

'பாய்' தனது வரலாற்றை மறக்க முடியாத சொல். மறக்கவிடாமல் பார்த்துக்கொள்ள, அடிபட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். 'கய்' மறந்துபோன சொல். அப்படியும் முழுதாக மறந்ததா என்றால் இல்லை. ஆலன் மூரும் டேவிட் லாய்டும் 1982இல் தொடங்கிய 'வி ஃபார் வெண்டெட்டா' சித்திரக்கதை ஃபாக்ஸின் முகத்தை முகமூடியாக்கியது. 2006இல் படமாக வெளிவந்தது. 2008இல் 'அனானிமஸ்' குழுவும் 2011இல் வால் ஸ்ட்ரீட் முற்றுகைக்காரர்களும் அதை மாட்டிக்கொண்டார்கள். யாருமில்லாதவனின் முகம் எல்லாருடைய முகமாயிற்று. அந்த முகமூடி ஒவ்வொன்றின் விற்பனையிலும் உரிமைத்தொகை போய்ச் சேர்ந்தது படத்தின் உரிமையாளரான ஒரு பெருநிறுவனத்துக்கு. கொடும்பாவியில் தொடங்கியவனுக்குச் சந்தை வேறொரு சொக்கப்பனை வைத்திருந்தது.

ஆக, 'கய்ஸ்' என்று சொல்லக்கூடாது, சொன்னால் அபராதம் என்று நான் தீர்ப்பு எழுத வரவில்லை. சொல்லைத் தடைசெய்வது ஃபாக்ஸைப் பிடித்தவர்களின் புத்தி. நான் கேட்பது ஒன்றுதான். நமது மொழியில் 'வந்தார்கள்' என்றால் பலர்பால். ஆணா பெண்ணா என்று விகுதி சொல்லாது. 'எல்லாரும் வாங்க' என்று அழைத்தால் ஒருவரும் விடுபடுவதில்லை. இப்படி ஒன்று கையிலிருக்கும்போது, பொதுவானது என்று நம்பி ஓர் ஆண்பாற் சொல்லை இரவல் வாங்குகிறோம் என்றால், நாம் வாங்குவது சொல்லை மட்டுமல்ல. எது பொது என்று தீர்மானிக்கிற உரிமையை யாரிடம் விட்டுவைப்பது என்கிற ஏற்பாட்டையும்தான். 'பொது' என்ற பெயரில் எந்தச் சொல் வந்தாலும் அதைத் திருப்பிப்போட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். திருப்பிப்போட்டால் வசையாகிற சொல் பொதுச்சொல் அல்ல.