கேட்டது கிடைக்காத ஜெபம்

கம்பம்மெட்டு: விடியற்காலையில் கம்பத்திலிருந்து மலையேறி வரும் ஜீப்புகள், கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி ஏலத் தோட்டங்களுக்குப் பிரிந்து போகின்றன. அவற்றில் வரும் பெண்களில் திருநீறு பூசியவர்களும் உண்டு; கழுத்தில் சிலுவை அணிந்தவர்களும் உண்டு. வளைவுகளில் வண்டி திரும்பும்போது வாய்க்குள் வேண்டிக்கொள்ளாதவர்கள் குறைவு.

மகன் பிழைக்க வேண்டும். கணவன் குடியை விட வேண்டும். கடன் தீர வேண்டும். வேண்டுதல்கள் இவைதாம். சில நிறைவேறுகின்றன, சில நிறைவேறுவதில்லை. உபவாசம் இருந்து, இரவு முழுவதும் ஜெபித்த பிறகும் பிள்ளை போய்விட்டால், கிறிஸ்தவத் தாய் ஒருத்தி என்ன செய்வாள்? "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று அந்த நேரத்தில் யாராவது சொல்லிவிட்டால், அவளுக்கு அது இரண்டாவது சாவு.

திருநெல்வேலிச் சீமையில் உள்ள தோனாவூரின் வரலாற்றில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

பொன்னம்மாள் கதை

அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1901-ஆம் ஆண்டு முதல் ஆபத்திலிருந்த பெண் குழந்தைகளுக்குத் தோனாவூரில் அடைக்கலம் கொடுத்தார். அவருக்கு வலது கையாக இருந்தவர் பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண். இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், கைக்குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அவருடையது.

அந்தப் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை செய்தும் நோய் திரும்பி வந்தது. தோனாவூரே ஜெபித்தது. ஒரு நாள் கட்டிலைச் சுற்றி நின்று, வெற்றியின் அடையாளமாகக் குருத்தோலை ஒன்றை அதன் மீது வைத்துக் குணமடைய வேண்டினார்கள். ஆனால் அதன் பிறகு வேதனை அதிகமாயிற்று. 1915 ஆகஸ்டில் பொன்னம்மாள் மறைந்தார்.

அம்மையார் இதை மூடி மறைக்கவில்லை. பொன்னம்மாளின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியபோது, அந்த ஜெபத்தையும் அதன் பின் நடந்ததையும் உள்ளபடியே எழுதினார். யாருடைய விசுவாசத்தின் மீதும் பழி போடவில்லை. குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் வேலையும் நிற்கவில்லை. ஜெபித்தால் போதும், மருந்து வேண்டாம் என்றும் அவர்கள் முடிவு கட்டவில்லை. பின்னர் தோனாவூரில் ஒரு மருத்துவமனையே எழுந்தது. அதற்கு "பரம சுக சாலை" என்று பெயர் வைத்தார்கள்.

கட்டிலில் 20 ஆண்டுகள்

1931-இல் அம்மையாரே ஒரு குழியில் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். நலம் பெற எத்தனையோ பேர் ஜெபித்தார்கள். ஆனால் அவர் பழையபடி நடமாடவில்லை. 1951 ஜனவரியில் கண்மூடும் வரை, ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையறையிலேயே கழிந்தன. அங்கிருந்தபடியே பல புத்தகங்களை எழுதினார். அவற்றில் நோயாளிகளுக்கென்றே எழுதியவையும் உண்டு. வலி தெரிந்தவர் எழுதிய எழுத்து என்பதால், வலியில் கிடந்தவர்கள் அதைத் தேடிப் படித்தார்கள்.

வேதம் சொல்வது

வேதாகமமும் இந்த உண்மையை மறைக்கவில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, பாடுகளின் பாத்திரம் தம்மை விட்டு நீங்க வேண்டும் என்று மூன்று முறை ஜெபித்தார், அது நீங்கவில்லை. தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று முறை வேண்டினார்; முள் போகவில்லை, தாங்கும் பலம்தான் கிடைத்தது. இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லத் துணிபவர் யார்?

யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாட்கள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவரை நோகடித்தார்கள்.

எனவே துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் காரணம் தேட வேண்டியதில்லை. கஞ்சி வைத்துக் கொடுக்கலாம். பக்கத்தில் உட்காரலாம். அழுதால் அழவிடலாம்; ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டால் அதையும் கேட்டுக்கொள்ளலாம். அவள் மீண்டும் வேலைக்குக் கிளம்பும் நாளில், ஜீப்பில் ஓர் இடம் பிடித்து வைக்கலாம்.