முதற்சோதனையும் முடிவான தீர்ப்பும்

அரிசியை முறத்திலிட்டுப் புடைக்கும்பொழுது உமியும் தூசும் பெரும்பாலும் விலகிவிடுகின்றன. ஆயினும் சிறிதளவு உமி அரிசியோடு தங்கிவிடுகிறது. சில நல்ல மணிகள் உமியோடு சிதறிவிடுகின்றன. ஆகையால், புடைத்த அரிசியை மீண்டும் ஒருமுறை கையால் பொறுக்கிப் பார்த்த பின்னரே உலையில் இடுவது வழக்கம்.

நோயின் அறிகுறி வெளிப்படாத பலரிடையே நோயுற்றிருக்கக்கூடியவர்களைப் பிரித்தெடுப்பதற்குச் செய்யப்படும் எளிய பரிசோதனையும் இத்தகையதே. இது 'ஸ்கிரீனிங்' என வழங்குகிறது. இக்கட்டுரையில் முதற்சோதனை எனப்படும். இது சந்தேகத்திற்குரியவர்களைப் பிரித்துக் காட்டுமேயன்றி, நோயை உறுதி செய்யாது. இவ்வேறுபாடு மறக்கப்படும்பொழுது, நோயற்றவர் அஞ்சி வாடுவதும், நோயுற்றவர் கவலையற்று வீட்டிலிருப்பதும் நேர்கின்றன.

இருவகைப் பிழைகள்

எந்த முதற்சோதனையிலும் இரண்டு பிழைகள் நிகழக்கூடும். நோயுள்ளவரை 'இல்லை' எனக் கூறுவது ஒன்று. நோயற்றவரை 'உண்டு' எனக் கூறுவது மற்றொன்று. நோயுள்ள நூறு பேரில் எத்தனை பேரைச் சோதனை சரியாகக் கண்டுபிடிக்கிறதோ அந்த அளவு அதன் உணர்திறன் ஆகும். நோயற்ற நூறு பேரில் எத்தனை பேரைச் சரியாக விலக்குகிறதோ அந்த அளவு அதன் தனித்தன்மை ஆகும்.

இவ்விரண்டும் சோதனையின் இயல்புகள். ஆனால், களப்பணியாளர் அறிய வேண்டியது வேறொன்று. 'உண்டு' என்ற முடிவுடன் எதிரே நிற்பவருக்கு உண்மையிலேயே நோய் இருத்தல் எவ்வளவு சாத்தியம்? இதற்குரிய விடை சோதனையை மட்டும் பொறுத்ததன்று. சோதனை எவ்விடத்தில், எத்தகைய மக்களிடையே செய்யப்படுகிறது என்பதையும் பொறுத்தது. மும்பை நகரில் நிகழ்ந்த ஒரு கணக்கெடுப்பு இதனை நன்கு விளக்கும்.

மும்பையில் நிகழ்ந்த கணக்கெடுப்பு

தாராவியில் முதலாவது கோவிட் நோயாளி 2020 ஏப்ரல் 1ஆம் நாள் கண்டறியப்பட்டார். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியிலும் ஜூலை மாதத்திலும், மும்பை மாநகராட்சி, நிதி ஆயோக், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் ஆகியவை பிற நிறுவனங்களுடன் சேர்ந்து மூன்று வார்டுகளில் குருதிச் சோதனை நடத்தின. தாராவி அடங்கிய ஜி-வடக்கு வார்டு இவற்றுள் இடம்பெறவில்லை. அதனை அடுத்துள்ள, மாட்டுங்கா அடங்கிய எஃப்-வடக்கு வார்டும், செம்பூர் அடங்கிய எம்-மேற்கு வார்டும், வடகோடியில் தஹிசர் அடங்கிய ஆர்-வடக்கு வார்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன.

முன்னர்த் தொற்று ஏற்பட்டிருந்தால் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருள் உள்ளதா என்பதே இச்சோதனையில் பார்க்கப்பட்டது. மொத்தம் 6,904 பேர் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் 4,202 பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்பவர்கள், 2,702 பேர் ஏனைய பகுதிகளில் வாழ்பவர்கள். குடிசைப் பகுதியினரில் நூற்றுக்கு 54 பேரிடமும், ஏனையோரில் நூற்றுக்கு 16 பேரிடமும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. ஒரே வார்டிற்குள்ளேயே, ஒரு சாலையின் இருபுறத்திலும் வாழ்ந்த மக்களிடையே நோய் பரவிய அளவு இவ்வாறு பெரிதும் வேறுபட்டிருந்தது.

ஒரே சோதனை, மூன்று இடங்கள்

இவ்வேறுபாட்டின் பொருளை ஒரு கணக்கால் உணரலாம். உணர்திறன் 90 சதவிகிதமும் தனித்தன்மை 95 சதவிகிதமும் உடைய ஒரு சோதனை உள்ளதாகக் கொள்க. இவை விளக்கத்தின்பொருட்டு எடுத்துக்கொண்ட எண்களே. மேற்கூறிய குருதிச் சோதனையின் அளவுகள் அல்ல.

முதலாவதாக, ஆயிரம் பேரில் 540 பேர் பாதிக்கப்பட்ட ஓரிடம். அங்கு 486 பேர் சரியாகக் கண்டறியப்படுவர். பாதிக்கப்படாத 460 பேரில் 23 பேர் தவறாகச் சேர்க்கப்படுவர். ஆக, 'உண்டு' எனக் கூறப்பட்ட 509 பேரில் 486 பேர், அதாவது நூற்றுக்கு 95 பேர், உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள்.

இரண்டாவதாக, ஆயிரம் பேரில் 160 பேர் பாதிக்கப்பட்ட ஓரிடம். அங்கு 144 பேர் சரியாகவும் 42 பேர் தவறாகவும் 'உண்டு' எனக் குறிக்கப்படுவர். எனவே அம்முடிவு நூற்றுக்கு 77 பேரிடமே உண்மையாகும்.

மூன்றாவதாக, ஆயிரத்தில் பத்துப் பேருக்கு மட்டுமே உள்ள ஒரு நோய். அங்கு 9 பேர் சரியாகக் கண்டறியப்படுவர். நோயற்றவர்களில் ஏறக்குறைய 50 பேர் தவறாகக் குறிக்கப்படுவர். 'உண்டு' எனக் கூறப்பட்ட ஆறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே நோய் உண்டு.

சோதனை மாறவில்லை, செய்தவரும் தவறிழைக்கவில்லை. நோய் அரிதாக உள்ள இடத்தில், நோயற்றவர்களின் எண்ணிக்கை மிகப் பெரிதாதலால், சிறு விகிதப் பிழையும் பெருந்தொகையாகிவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் மறுசோதனையே. மூன்றாவது இடத்தில் ஒதுக்கப்பட்ட 59 பேரை மட்டும் அதே அளவு நுட்பமுள்ள வேறொரு முறையால் சோதித்தால், 'உண்டு' என மீளும் சுமார் 11 பேரில் 8 பேர் உண்மையில் நோயுற்றவராயிருப்பர். ஆனால் ஒன்று நினைவிற்கொள்ள வேண்டும். முதற்சோதனையைத் தவறச் செய்த அதே காரணம் மறுசோதனையையும் தவறச் செய்யுமாயின், அதனால் பயனில்லை.

'இல்லை' என்ற முடிவின் ஆபத்து

விரைவில் முடிவு தரும் ஆன்டிஜென் சோதனைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஜூன் 14ஆம் நாள் அறிவுரை வழங்கியது. அதன் தனித்தன்மை 99.3 முதல் 100 சதவிகிதம் வரை இருந்தது, உணர்திறனோ 50.6 முதல் 84 சதவிகிதம் வரையே இருந்தது. அதாவது, 'உண்டு' என்றால் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை' என்றால் அவ்வாறு நம்புதற்கில்லை. ஆகவே, நோய்க்குறி உள்ளவருக்கு 'இல்லை' என்ற முடிவு வந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையால் உறுதி செய்ய வேண்டுமென விதிக்கப்பட்டது. பத்துக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழும் இடத்தில், தவறவிடப்பட்ட ஒரு நோயாளி மீண்டும் அதே அறைக்குத்தான் திரும்புகிறார் என்பதை எண்ணினால் இவ்விதியின் அவசியம் புலனாகும்.

பிழையுள்ள சோதனையும் பயன்தரும்

இவற்றால் முதற்சோதனை பயனற்றது என்று கருதலாகாது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998ஆம் ஆண்டில், குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயதுவரையுள்ள ஒன்றரை இலட்சம் பெண்களைக் கொண்ட ஓர் ஆய்வைத் தொடங்கியது. பள்ளிக் கல்வி பெற்ற பெண்களே பயிற்சியளிக்கப்பட்டுச் சோதனைகளை நடத்தினர். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மை தோன்றுகிறதா என்று கண்ணால் பார்ப்பதே முறை. வெண்மை தோன்றிய அனைவருக்கும் புற்றுநோய் இல்லை. அவர்கள் மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டனர். சோதிக்கப்பட்ட பிரிவில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம் 31 சதவிகிதம் குறைந்ததென 2014இல் வெளியான முடிவு தெரிவித்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர்களைக் கொண்டு நடத்தப்பட்ட இதே முறையிலான ஆய்விலும் மரணம் 35 சதவிகிதம் குறைந்ததாக 2007இல் அறிவிக்கப்பட்டது.

உயிர்களைக் காத்தது அமிலம் மட்டுமன்று. அதன்பின் காத்திருந்த மருத்துவரும் சிகிச்சையுமாம். உறுதி செய்யவும் குணப்படுத்தவும் வசதியில்லாத இடத்தில் முதற்சோதனை கூடாதென்பது 1968இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கோட்பாடுகளுள் அடங்கும்.

வகுப்பறையில்

ஆசிரியருக்கும் இவ்விதிகள் பொருந்தும். கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2018இல் வகுக்கப்பட்ட நெறிமுறைகளின்படி, மூன்றாம் வகுப்பிலோ எட்டாம் வயதிலோ ஆசிரியர் முதற்சோதனை செய்வார். பின்னர்க் குழந்தை மருத்துவர் பார்வையையும் செவியையும் ஆராய்வார். அதன் பின்னரே உளவியல் வல்லுநர் மதிப்பிடுவார். இப்படிமுறை வீண் தாமதம் அன்று. கரும்பலகை தெரியாத சிறுவனும், காது மந்தமான சிறுமியும், கற்றல் குறைபாடுள்ள குழந்தையும் வகுப்பில் ஒரே மாதிரியாகத் தோன்றுவர்.

மொழியும் இங்குக் கவனிக்கத்தக்கது. தாராவியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. மாநகராட்சி தமிழ் உட்படப் பல மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது; ஆயினும் வீட்டில் தமிழ் பேசி, வேறு மொழி வழியில் படிக்கும் குழந்தைகளும் உண்டு. அத்தகைய குழந்தை மராத்தி வாசிப்புச் சோதனையில் தடுமாறினால், குறை குழந்தையிடம் இல்லாமலிருக்கலாம். அதே மொழியில் மறுசோதனை செய்வது அதே பிழையை இருமுறை செய்வதேயாகும். தாய்மொழியில் பேசவும் வாசிக்கவும் செய்து பார்ப்பதே தக்க மறுசோதனை. பார்வைச் சோதனையிலும், எழுத்தறியாத குழந்தைக்கு 'ஈ' என்னும் ஆங்கில எழுத்துருவைப் பல திசைகளில் காட்டும் அட்டையைப் பயன்படுத்துதல் நலம்.

பணியாளர் கடைப்பிடிக்க வேண்டியவை

சோதனைக்கு முன்னரே, 'உண்டு' என வருபவரை எங்கு அனுப்புவது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். முடிவைத் தெரிவிக்கும்பொழுது 'நோய் இருக்கிறது' என்னாமல், 'மேலும் ஒரு பரிசோதனை தேவை' என்று கூறுதல் வேண்டும். 'இல்லை' என வந்தவரிடம், அறிகுறி தோன்றினால் காலந்தாழ்த்தாது வருமாறு சொல்ல வேண்டும். அனுப்பப்பட்டவர் உண்மையில் சென்றாரா என்பதைப் பதிவேட்டில் குறித்து, செல்லாதவரை மீண்டும் சந்திக்க வேண்டும். பிள்ளையின் பெயருக்கெதிரே ஆசிரியர் இடும் குறி ஒரு வினாக்குறியாக இருத்தல் வேண்டும். அதற்கு விடை காணப்படும்வரை அது பிள்ளையின் பெயராகிவிடலாகாது.