வாழைப்பழ ரொட்டியும் உடல்நலமும்

ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினால், அதில் கடைசி மூன்று நான்கு பழங்கள் தோல் கருத்து, தொட்டால் குழையும் நிலையை அடைவது எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம். அவற்றை உண்பாரும் இல்லை. எறிந்துவிட மனமும் வருவதில்லை. இந்தச் சிறு சிக்கலுக்கு மேல்நாட்டார் கண்ட நல்வழிகளுள் ஒன்று வாழைப்பழ ரொட்டி. அமெரிக்க நாட்டில் 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளிலேதான் இப்பண்டம் சமையல் நூல்களில் பரவலாக இடம்பெறத் தொடங்கியது. 1929-இல் நேர்ந்த பெரும் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர், எதையும் வீணாக்காத சிக்கனம் இல்லந்தோறும் இன்றியமையாததாயிற்று. ஈஸ்ட் இல்லாமலே மாவை உப்பச் செய்யும் சோடாவும் பேக்கிங் பவுடரும் அதற்குள் சாதாரணச் சமையலறைகளிலும் இடம்பெற்றுவிட்டன. இவ்விரண்டும் கூடியே இந்த ரொட்டி பரவ வழிசெய்தன. பின்னர் 2020-இல் கொள்ளைநோயின் காரணமாக உலகெங்கும் மக்கள் வீட்டோடு அடைபட்டிருந்த காலத்தில், இதைச் சுட்டுப் பார்க்கும் ஆர்வம் மீண்டும் பெருகிற்று.

ரொட்டி என்று இதற்குப் பெயர் அமைந்துவிட்டதே தவிர, இயல்பால் இது கேக் இனத்தைச் சேர்ந்தது. வழக்கமான செய்முறை ஒன்றை எடுத்துப் பாருங்கள். மைதா மாவு 250 கிராம், சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 115 கிராம், முட்டை இரண்டு, இவற்றோடு மூன்று வாழைப்பழம். மாவின் எடைக்குச் சற்றே குறைந்த சர்க்கரையும், மாவில் பாதிக்கு நெருங்கிய வெண்ணெயும் இதில் சேருகின்றன. பழம் என்னும் சொல்லும் ரொட்டி என்னும் சொல்லும் ஒருங்கே பெயரில் அமைந்திருப்பதால், இது நலம் தரும் உணவு என்ற எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. காலைச் சிற்றுண்டியாகவே இதை உண்பாரும் உளர்.

இந்த எண்ணத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்பதற்குத் தக்க காரணம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023-இல் வெளியான பேராய்வு ஒன்று, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் தொகையை ஏறத்தாழ 10 கோடி என்று மதிப்பிட்டது. பல குடும்பங்களில் நீரிழிவு உடையவர் ஒருவராவது இருக்கும் நிலை இன்று வந்துவிட்டது. "வெல்லந்தானே போட்டிருக்கிறேன், ஒரு துண்டு சாப்பிடுங்கள்" என்று அன்போடு நாம் நீட்டும் துண்டு அவருக்கு எத்தகைய பயன் தரும் என்பதை அறிந்திருப்பது நம் கடமையாகும். ஆகவே, இப்பண்டத்தில் ஒவ்வொரு பொருளும் என்ன வேலை செய்கிறது, எதை எவ்வளவு குறைக்கலாம், எங்கே குறைத்தால் ரொட்டி கெட்டுவிடும் என்பவற்றை முறையாகக் காண்போம்.

முதலில் பழத்தை எடுத்துக்கொள்வோம். வாழைக்காயின் சதையில் நூற்றுக்கு 20 பங்கு அளவில் மாவுச்சத்து இருக்கிறது. காய் பழுக்கும்போது அந்த மாவுச்சத்து நொதிகளால் சிதைந்து சர்க்கரையாக மாறுகிறது. நன்கு கனிந்த பழத்தில் எஞ்சும் மாவுச்சத்து மிகச் சிறிதே. ஆகவே, தோலில் கரும்புள்ளிகள் பரவிய பழமே ரொட்டிக்கு ஏற்றது. இனிப்பும் மணமும் ஈரமும் அதிலேதான் நிறைவாக உள்ளன. அரைப்பழமாக இருப்பதைப் பயன்படுத்திவிட்டு, இனிப்புப் போதவில்லை என்று சர்க்கரையைக் கூட்டுவது வீண்செயல். ஆனால், கருத்த தோலுக்கும் கெட்ட பழத்துக்கும் வேறுபாடு உண்டு. பூஞ்சணம் படிந்ததையும், புளித்த வாடை வீசுவதையும் விலக்கிவிட வேண்டும்.

அமெரிக்கச் செய்முறைகளில் வாழைப்பழம் என்றால் அது கேவண்டிஷ் இனத்தையே குறிக்கும். நம் கடைகளில் கிடைக்கும் பச்சை வாழைப்பழமும் ரோபஸ்டாவும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. ஆகவே அவற்றை அப்படியே கொள்ளலாம். பூவன் பழத்தில் இலேசான புளிப்பு உண்டு. அது சோடாவுக்குத் துணைசெய்யும். கற்பூரவள்ளி மிக இனிப்பானது. அதைச் சேர்த்தால் சர்க்கரையை மேலும் குறைத்துக் கொள்ளலாம். ரஸ்தாளியில் சில வேளைகளில் சதை கட்டிபட்டிருக்கும். அப்பகுதியை நீக்கிவிட்டு மசிக்க வேண்டும். பழங்கள் அளவில் வேறுபடுவதால், இத்தனை பழம் என்று எண்ணாமல், தோலுரித்த சதையை நிறுத்து எடுப்பதே முறை.

அடுத்தது சர்க்கரை. அதன் வேலை இனிப்பூட்டுவது மட்டுமன்று. அது ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, சதையை மென்மையாக்குகிறது, மேற்புறம் பொன்னிறமாகச் சிவக்கவும் உதவுகிறது. ஆகவே அதை முற்றிலும் நீக்கினால் ரொட்டி வெளிறி, அழுத்தமாகப் போய்விடும். ஆயினும் 200 கிராமுக்குப் பதிலாக 60 கிராம் சேர்த்தாலும், நன்கு கனிந்த பழம் மீதி வேலையைச் செய்துவிடும்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லமோ, நாட்டுச் சர்க்கரையோ, தேனோ சேர்த்தால் தீங்கில்லை என்று பலர் கருதுகின்றனர். வெல்லத்தில் சிறிதளவு தாதுப்பொருள்கள் இருப்பது உண்மையே. ஆனால் அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். இரத்தத்தில் சேர்ந்த பின்னர் அது வெல்லத்திலிருந்து வந்ததா, வெள்ளைச் சர்க்கரையிலிருந்து வந்ததா என்று உடல் பிரித்துப் பார்ப்பதில்லை. வெல்லத்தை அதன் மணத்துக்காகச் சேர்க்கலாம். மருந்தென்று கருதி அளவைக் கூட்டலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சேர்க்கும் சர்க்கரையும், தேன், பழச்சாறு முதலியவற்றிலுள்ள சர்க்கரையும் நாளின் மொத்தக் கலோரியில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு உட்பட வேண்டும் என்றும், ஐந்து பங்குக்கு உட்பட்டால் மேலும் நன்மை என்றும் கூறியது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும்.

மூன்றாவது மாவு. மைதாவில் 100 கிராமுக்கு மூன்று கிராமுக்கும் குறைவாகவே நார்ச்சத்து உண்டு. முழுக்கோதுமை மாவில் ஏறத்தாழ 11 கிராம் இருக்கிறது. சப்பாத்திக்கு நாம் வைத்திருக்கும் மாவே இதற்குப் போதும். ஆனால் அம்மாவு கல்லில் அழுந்த அரைபடுவதால் நீரை மிகுதியாக உறிஞ்சும். மைதாவுக்குரிய அளவில் நீர்ப்பொருளை ஊற்றினால் ரொட்டி வறண்டுவிடும். தயிர் சேர்ப்பது இக்குறையைத் தீர்க்கிறது. இங்கே ஒன்றை மறக்கலாகாது. நயமாக அரைத்த முழுக்கோதுமை மாவின் மாவுச்சத்தும் விரைவில் செரித்துக் குளுக்கோஸாகவே மாறும். நார்ச்சத்து மிகுவது நன்மைதான். அதனால் இனிப்புப் பண்டம் மருந்தாகிவிடாது.

நான்காவது கொழுப்பு. வெண்ணெயின் எடையில் ஏறத்தாழப் பாதி, நிறைவுற்ற கொழுப்பு. அது மிகுந்தால் இரத்தத்தில் கொலஸ்டிரால் உயரும். வெண்ணெய்க்கு ஈடாகக் கடலெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ 60 மில்லிலிட்டர் சேர்த்தால் மென்மைக்குக் குறைவு நேராது. பழத்திலேயே வழவழப்பு இருப்பதால் எண்ணெயே வேண்டாம் என்று சிலர் கூறுவர். அவ்வாறு செய்த ரொட்டி ரப்பரைப் போல இழுபடும், மறுநாளே உலர்ந்துவிடும். குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

இனி, ஆப்பச் சோடா. இது புளிப்புப் பொருளோடு கலந்து நனையும்போது கரியமில வாயு வெளிப்படுகிறது. அந்த வாயுவே மாவை உப்பச் செய்கிறது. வாழைப்பழம் இலேசான புளிப்புடையது. தயிரும் சேர்ந்தால் சோடா முழுமையாக வேலை செய்யும். அளவுக்கு மிஞ்சினால் சவுக்கார நெடி வீசும்; நிறமும் கருக்கும். சோடாவிலும் சோடியம் இருப்பதால், இரத்த அழுத்தம் உடையோர் உள்ள வீட்டில் உப்பைத் தனியாக அள்ளிப் போட வேண்டியதில்லை.

இப்பொழுது செய்முறையைக் கூறுகிறேன். மசித்த வாழைப்பழம் 300 கிராம், முழுக்கோதுமை மாவு 225 கிராம், பொடித்த வெல்லம் 60 கிராம், எண்ணெய் 60 மில்லிலிட்டர், புளித்த தயிர் 60 மில்லிலிட்டர், முட்டை இரண்டு, ஆப்பச் சோடா முக்கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலப்பொடி அரைத் தேக்கரண்டி, வறுத்து உடைத்த வேர்க்கடலை அல்லது அக்ரூட் 40 கிராம். முட்டை உண்ணாதவர்கள் அதற்குப் பதிலாக மேலும் 80 மில்லிலிட்டர் தயிர் சேர்க்கலாம். ரொட்டி சற்றுக் கனமாக அமையும், சுடவும் ஐந்து பத்து நிமிடம் கூடுதலாகும்.

மாவு, சோடா, உப்பு, ஏலப்பொடி ஆகியவற்றை ஒன்றாகச் சலித்து, சல்லடையில் தங்கும் தவிட்டையும் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேறொரு பாத்திரத்தில் பழம், வெல்லம், எண்ணெய், தயிர், முட்டை இவற்றை நன்றாக அடித்துக் கலக்க வேண்டும். பிறகு மாவை அதில் கொட்டி, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாதவரை மட்டும் கிளறினால் போதும். மேலும் அடித்தால் கோதுமையிலுள்ள குளுட்டன் என்னும் பசைப்புரதம் இறுகி, ரொட்டி கெட்டியாகும். கடலையைத் தூவி, எண்ணெய் தடவிய நீள அச்சில் ஊற்றி, உடனே சுட வேண்டும். காத்திருந்தால் வாயு வெளியேறிவிடும். முன்னரே சூடேற்றிய ஓவனில் 175 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 50 முதல் 60 நிமிடம் பிடிக்கும். நடுவில் ஓர் ஈர்க்குச்சியைச் செருகி எடுத்தால் ஈரமாவு ஒட்டாமல் வர வேண்டும். அச்சிலே பத்து நிமிடம் வைத்திருந்து, பின்னர் வெளியே எடுத்து, முற்றும் ஆறிய பிறகே அறுக்க வேண்டும். சூட்டோடு அறுத்தால் உள்ளே களிபோல் தோன்றும்.

ஓவன் இல்லாத வீடுகளில், அடிகனமான பெரிய பாத்திரத்தில் மணலையோ கல்லுப்பையோ ஒரு விரற்கடை உயரம் பரப்பி, மேலே ஒரு வளையத்தை வைத்து, மூடிப் பத்து நிமிடம் காயவிட்டு, அச்சை அதன்மேல் வைத்துச் சிறுதீயில் சுடலாம். ஒரு மணி நேரமோ, சற்று மேலோ ஆகும். மேற்புறம் அவ்வளவாகச் சிவக்காது, சுவையில் குறைவில்லை.

இந்த ரொட்டியைப் பன்னிரண்டு துண்டுகளாக்கினால், ஒரு துண்டில் ஏறத்தாழ 180 கலோரி இருக்கும். முன்னர்க் கூறிய வழக்கமான ரொட்டியின் ஒரு துண்டில் ஏறத்தாழ 245 கலோரி. அந்தத் துண்டு சற்றுப் பெரியது என்பதால், கலோரிக் கணக்கில் வேறுபாடு தோற்றத்தைவிடக் குறைவே. உண்மையான இலாபம் வேறிடத்தில் இருக்கிறது. சேர்த்த சர்க்கரை ஒரு துண்டுக்கு 17 கிராமிலிருந்து 5 கிராமாகக் குறைகிறது. நார்ச்சத்து ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட நிலையிலிருந்து மூன்று கிராம் அளவுக்கு உயர்கிறது. வெண்ணெயால் வந்த ஐந்து கிராம் நிறைவுற்ற கொழுப்புக்கு ஈடாக, எண்ணெயால் வருவது ஒரு கிராம் அளவே.

எனினும், நீரிழிவு உடையவர் இதைத் தம் கணக்கில் சேராத உணவாகக் கருதலாகாது. முழுப்பழத்தின் நுண்ணறைகளுக்குள் அடங்கியிருந்த சர்க்கரை, மசித்தலால் பெரிதும் வெளிப்பட்டுவிடுகிறது; மாவுச்சத்தும் உடன் சேர்கிறது. அவர் ஒரு துண்டு உண்பதானால், அவ்வேளையின் இட்லியிலோ சோற்றிலோ அதற்கு ஈடாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோயின் காரணமாகப் பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் பணித்துள்ளவர்கள், வாழைப்பழம் சேர்ந்த எப்பண்டத்தையும் அவரைக் கேட்டே உண்ணுதல் வேண்டும்.

நம் வெப்பநாட்டில் இந்த ரொட்டி வெளியில் இரண்டு நாளைக்குமேல் தாங்காது. சர்க்கரை குறைந்தும் ஈரம் மிகுந்தும் இருப்பதே காரணம். குளிர்பெட்டியில் வைத்தால் ஐந்து நாள் வரை இருக்கும். துண்டு போட்டு உறைநிலைப் பகுதியில் வைத்தால் இரண்டு மாதங்கூடக் கெடாது. வேண்டும்போது ஒரு துண்டை மட்டும் எடுத்துச் சூடாக்கிக்கொள்ளலாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. முழு ரொட்டி மேசைமேல் இருந்தால் கை தானாகவே இரண்டாம் துண்டுக்குப் போகும். உறைந்த துண்டை எடுக்கச் சற்றே பொறுக்க வேண்டும்.

ஆகவே, நலம் தரும் வாழைப்பழ ரொட்டி என்று ஒன்றைத் தேடுவதைவிட, முன்னதைவிட நலமான ரொட்டி என்று கொள்வதே பொருந்தும். அது பலகாரந்தான், ஆனால் வீணாக இருந்த பழத்தைப் பயன்படுத்தி, என்ன சேர்ந்திருக்கிறது என்பதை நாமே அறிந்து, அளவோடு செய்த பலகாரம். வீட்டிலுள்ள பெரியவருக்கு ஒரு துண்டை நீட்டும்போது, அதில் சர்க்கரை எவ்வளவு என்று அவர் கேட்டால், ஐந்து கிராம் சேர்த்தது, பழத்திலிருந்து மூன்று கிராம் என்று நம்மால் விடைகூற முடியும். கடையில் வாங்கும் பண்டத்துக்கு இத்தகைய விடையை நாமே சொல்ல முடிவது அரிது.